பானெட்டின் மேல் பனி

சீலநாயக்கன்பட்டி பைபாஸில்
தோரணம் கட்டிய கொட்டகையில்
பதினாறு வண்டிகள்.
பதினாறையும் டாக்டர்கள்தான் ஓட்டினார்களாம்,
கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும்.
இருபது வருடமாய் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
இத்தனை டாக்டர்கள் சேலத்தில் இருந்திருந்தால்
என் அறை வாசலில் வரிசை இவ்வளவு நீண்டிருக்காது.

தேசிங்கன் வெள்ளை வண்டி ஒன்றைத் துடைத்துக் காட்டினார்.
மீட்டரில் முப்பத்தெட்டாயிரம்.
பிரேக் பெடலின் ரப்பரோ
ரேஷன் கடை மெஷின் ஒப்புக்கொள்ளாத
கட்டைவிரலைப் போல வழுவழுத்துக் கிடந்தது.
மூன்று ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் ஒரே வருடம்.
நான்காவது, மூன்று வருடம் இளையது.
"பசங்க கிரிக்கெட் ஆடுனாங்க மேடம்."
ஆடியிருக்கலாம்.

மிதியடியைத் தூக்கினேன்.
அவருக்குப் பிடிக்கவில்லை.
தானமாய் வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
நான் நாலு லட்சம் தருகிறேன்.
அடியில் சாம்பல் நிற வண்டல், பொடிப்பொடியாய்.
எங்கள் ஊர் மண் சிவப்பு.
இந்த வண்டி எங்கோ நீந்தியிருக்கிறது.

உடைந்து கூடிய எலும்பில்
ஒரு சின்னத் தடிப்பு எப்போதும் இருக்கும்.
எலும்புக்கு மறைக்கத் தெரியாது.
பெயின்ட்டுக்குத் தெரியும்.

குகையில் பட்டறை வைத்திருக்கும் முனவர் சொன்னான்:
"வர்ற நேரத்தைச் சொல்லாதீங்கக்கா.
சொன்னா, முன்னாடியே ஒரு ரவுண்டு ஓட்டி
இஞ்சினைச் சூடாக்கி வச்சிருவாங்க.
சூட்டுல எல்லா இஞ்சினும் நல்லாத்தான் பாடும்."

அதனால்தான் ஏற்காட்டுக்கு முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசிகளிலும்
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தூங்கி,
நாகலூரில் இறங்கினால்
மூடுபனிக்குள் சாம்பல் கார் ஒன்று,
கண்ணைத் திறக்காமல் நின்றது.
கேட்டைத் திறந்ததும் பானெட்டில் கை வைத்தேன்.
சில்லென்றது.
பனியில் என் ஐந்து விரலும் பதிந்தன.
பல் துலக்கிக்கொண்டே வந்த பெனடிக்ட்
எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர்.
அந்தக் கைத்தடத்தைப் பார்த்துச் சிரித்தார்.
புரிந்துவிட்டது அவருக்கு.

கோடு போட்ட நோட்டு ஒன்று தந்தார்.
ஆயில் மாற்றிய தேதிகள். டயர் பில்கள்.
இடது கதவு: காப்பி மூட்டை லாரி உரசியது, சந்தை நாள்.
மூன்றாம் கியர்: மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும்.
பதினெட்டாம் வளைவு வரை இறங்கினோம், ஏறினோம்.
ஏறும்போது கிளட்ச் லேசாய்க் கருகியது.
நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:
"அதுக்கு எட்டாயிரம் குறைச்சுக்கங்க."

ஆபத்து இங்கேதான்.
மனசு அதற்குள்
ஆயுதபூஜைக்குச் சந்தனம் குழைத்து
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எண்ணிவிட்டது.
கண்கள் மட்டும் பழக்கதோஷத்தில்
ஆர்.சி.யின் அடிவரிக்குப் போயின.
அங்கே ஒரு வங்கியின் பெயர்.

"கடன் முடிஞ்சிருச்சு. லெட்டர்தான் இன்னும் வரல.
இருபதாயிரம் அட்வான்ஸ் மட்டும்..."

"லெட்டர் வரட்டும்ங்க."

முகம் வாடியது. நல்ல மனிதர்தான்.
நல்லவர்களின் கடனும்
வண்டியோடு சேர்ந்துதான் வரும்.
அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு
வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

பதினோரு நாளாயிற்று.
ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஷேர் ஆட்டோதான்.
சற்று முன் போன்.
ஆத்தூரிலிருந்து ஒருவர்
முழுப் பணத்தோடு வாசலில் நிற்கிறாராம்.
"என்ன சொல்றீங்க மேடம்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
தினம் அறுபது பேருக்குச் சொல்வதை
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.